வயசைக் கேட்டார்கள், வலியைக் கேட்கவில்லை

எனக்குப் பதினாறு நடக்கும்போது கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணை ஆயாவிடம் விட்டுவிட்டு சிமெண்டு மூட்டை தூக்கப் போனவர்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா? ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்தால்தான் நிம்மதி என்றார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதையைச் சொல்ல ஆள் உண்டு. பெற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிய கோபம் வேறொன்று இருக்கிறது.

நாள் தள்ளிப்போய் மூன்று மாதம். எழுந்து நின்றால் கண் இருட்டும். மாமியார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், “பத்தொம்பதுன்னு சொல்லிடு, பத்தொம்பதுன்னு சொல்லிடு.” ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள். அதைப் பார்த்ததும், கேட்ட அம்மாவின் முகம் மாறியது. அதற்கப்புறம் என் கண்ணை இழுத்துப் பார்த்தவர் இல்லை, உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தவர் இல்லை. கல்யாணம் எந்தக் கோயிலில், தாலி எடுத்துக் கொடுத்தது யார், மாப்பிள்ளைக்கு என்ன வயசு, இதுதான் கேள்வி. பயந்துபோய் மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு ஒரு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. எட்டாம் மாதமே வலி வந்தது. தூளி கட்டித்தான் மலையிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பிழைத்தேன். குழந்தை பிழைக்கவில்லை.

யார் பொறுப்பு? சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 2012 போக்சோ சட்டப்படி பதினெட்டு ஆகாத பெண் வயிற்றோடு வந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுமிகளைக் கெடுக்கிறவனுக்குச் சட்டம் வேண்டும்தான். ஆனால் மருந்து கேட்டு வருகிறவளுக்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்கக்கூடாதா? அந்த வரிசையை யார் தலைகீழாக்கியது?

அதுவும் எந்த மாவட்டத்தில்! வாச்சாத்தி இருப்பது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலையடிவார ஊருக்குள் நுழைந்து 18 பெண்களைச் சீரழித்தார்கள். அவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். 2011-ல்தான் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. முப்பத்தொரு வருஷம்! அந்த ஊர் இருக்கிற மண்ணில், காக்கிச் சட்டையைக் கண்டால் பெண்கள் ஏன் ஒளிகிறார்கள் என்று எங்களிடம் வந்து கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசல் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகும் என்று தெரிந்தால் எந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள்?

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பதினெட்டு ஆகாத பெண் கருவைக் கலைக்க வந்து, அவளும் அவளைச் சேர்ந்த பெரியவர்களும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் தகவலில் அவள் பெயரும் அடையாளமும் இருக்கவேண்டியதில்லை. இருபத்துநான்கு வாரம் வரை கலைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை எங்கள் ஊரில் யார் வந்து சொன்னார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டை எழுதச் சுவர் இருக்கிறது, கட்சிச் சின்னத்துக்குச் சுவர் இருக்கிறது, இதற்குச் சுவர் இல்லையா?

அரசாங்கத்தில் இருக்கிற நீங்கள் வந்து சொல்லாத இடத்தில் வேறு ஆள் வந்துவிடுகிறான். வீடு பிடித்து, கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொன்ன கும்பல் 2022-ல் இதே தர்மபுரியில் பிடிபட்டது. அதற்கப்புறமும் பிடிபட்டிருக்கிறார்கள். அவன் ஆதார் கேட்கமாட்டான். வயசு கேட்கமாட்டான். பணம் மட்டும் கேட்பான். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் வைத்த மாவட்டம் இது. அந்தத் தொட்டிலில் பிழைத்து வளர்ந்தவளுக்கு, வயசுக்கு வந்தபிறகு என்ன வைத்தீர்கள்?

நாப்கின் வைத்தோம் என்பீர்கள். ‘புது யுகம்’ என்று திட்டத்துக்குப் பெயர் என்னவோ நன்றாகத்தான் வைத்தார்கள். பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை, இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட். பள்ளிக்கூடம் போகிறவளுக்கு டீச்சர் கொடுப்பார், சரி. படிப்பை நிறுத்திவிட்டு ஆடு மேய்க்கிற பெண் மலையிலிருந்து இறங்கி அங்கன்வாடியைத் தேடி வரவேண்டுமா? கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் வாக்கு எந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஓட்டுக்குக் கழுதை கிடைக்கிறது, நாப்கினுக்குக் கிடைக்காதா? ஒரு மூட்டை அதிகமாக ஏற்றினால் கழுதை கோபித்துக்கொள்ளாது.

பேறுகால உதவி பதினெட்டாயிரம் ரூபாய் முத்துலட்சுமி ரெட்டி அம்மா பெயரில் தருகிறார்கள். சட்டசபையில் நின்று பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொன்னவர் அவர். பத்தொன்பது ஆகாதவளுக்கு அந்தப் பணம் கிடையாது. சின்ன வயதில் கட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த விதி என்கிறார்கள். கட்டிக்கொடுத்தது நானா? தண்டனை மட்டும் என் வயிற்றுக்கா? முட்டையும் பழமும் அந்த எட்டு மாதமும் எனக்குத்தானே வேண்டியிருந்தது!

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கி இருக்கிறது. 1993-ல் ரெஜி, லலிதா என்று இரண்டு டாக்டர்கள் வந்து ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்த ஊர் மலைவாசிப் பெண்களுக்கே நர்ஸ் வேலையைச் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவளிடம் நம் பேச்சில் பேச, நம்மைத் தெரிந்த ஒருத்தி அங்கே நின்றாள். அவ்வளவுதான் செய்தார்கள். அரசாங்கத்திடம் அதைவிடவா ஆள் குறைவு, பணம் குறைவு?

என் நாத்தனார் மகளுக்குப் பதினைந்து வயது. பத்து நாளாகத் தூரம் நிற்காமல் போகிறது, முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் ஆகாதவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்று நாத்தனார் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு விடிந்ததும் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். ஆதாரை எடுத்துவரமாட்டேன். முதலில் அவள் கண்ணை இழுத்துப் பாருங்கள், ரத்தத்தைச் சோதியுங்கள். என்ன கேட்கவேண்டுமோ அதற்கப்புறம் என்னிடம் கேளுங்கள், நான் எங்கேயும் ஓடமாட்டேன்.