‘சார்’ என்ற சொல்லுக்கு மூன்றேகால் லட்சம்

எங்கள் தெருவில் படிப்பகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கர்நாடகப் பதிவெண். பதினான்கு மாதமாக நகரவில்லை. என் சித்தி மகன் வாங்கிய வண்டி அது.

தம்பி ஒன்பது வருஷமாக ஆக்டிங் டிரைவர். அடுத்தவர் வண்டியையே எத்தனை நாள் ஓட்டுவது என்று சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தான். முதலில் ஊருக்குள் பழைய கார் விற்பவரிடம்தான் போனான். “உனக்கெதுக்குடா காரு? எங்க வண்டிய ஓட்டுறது பத்தாதா?” என்று அவர் சிரித்திருக்கிறார். முப்பத்திரண்டு வயது ஆளை ‘டா’ போட அவருக்குக் கூச்சமில்லை. நம் பிள்ளைகளுக்கு இது புதிதுமில்லை.

அன்றிரவே தம்பி செல்போனில் தேடினான். பெங்களூரு வியாபாரி ஒருவர் வீடியோ அனுப்பினார். நல்ல தமிழ் பேசினார். “சார், சிங்கிள் ஓனர் வண்டி சார். 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார்.” இன்னொரு பார்ட்டி வருவதாகச் சொன்னதும் 20,000 ரூபாயை ஜீபேயில் போட்டுவிட்டான். மொத்தம் 3,25,000. சித்தியின் மகளிர் குழுக்கடன் ஒரு லட்சம், தங்கச்சி நகையை அடகு வைத்தது ஒன்றேகால் லட்சம், மீதி அவன் சேர்த்தது.

ராத்திரி பஸ்ஸில் போனான். மறுநாள் மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிருஷ்ணகிரி வருவதற்குள் இன்ஜின் சூடேறி நின்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைச் சொல்லிக் கேட்டால், இரண்டு வருஷம் முன்பே 1,40,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. பத்து நாளில் கூரியரில் வருவதாகச் சொன்ன என்.ஓ.சி. வரவில்லை. எப்படி வரும்? பழைய உரிமையாளரின் வங்கிக் கடனே அடைபடவில்லை. வியாபாரியின் போன் இப்போது எடுக்கப்படுவதில்லை.

ஏமாற்றுக்காரர்கள் எங்கும் உண்டு. இதில் நம் பங்கு எது என்பதைத்தான் நான் பேச வேண்டும். தூரத்து வியாபாரிக்கு நம் தெரு தெரியாது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பணம் இருந்தால் போதும், ‘சார்’ என்கிறார். உள்ளூரில் கிடைக்காத அந்த மரியாதை முன்பின் தெரியாதவரிடம் கிடைக்கும்போது மனசு இளகிவிடுகிறது. சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடுகிறது. ஒன்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இன்ஜின் சத்தம் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவன் காது இன்ஜினைக் கேட்கவில்லை, அந்தச் சொல்லைத்தான் கேட்டது.

பாபாசாகேப் தன் நினைவுக் குறிப்புகளில் 1929இல் சாலிஸ்காவில் நடந்ததை எழுதியிருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து அவரை ஏற்றிச் செல்ல டோங்கா வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். விருந்தினர் நடந்து வருவது தங்களுக்கு இழுக்கு என்று அங்கிருந்த மகர் மக்கள் நினைத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் இடறியது. அண்ணல் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. தன் கண்ணியத்தைக் காக்க நினைத்தவர்கள் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று அவர் வருத்தத்தோடு பதிவு செய்கிறார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, தம்பிமேலும் இல்லை. ஆனால் கண்ணியத்துக்காக வண்டி ஏறும்போது சக்கரத்தையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் இன்னும் மிச்சமிருக்கிறது.

சக்கரம் என்றால் காகிதமும்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு விபத்து வழக்கில் சொன்னது. பணம் முழுதும் கொடுத்த தம்பி காகிதத்தில் யாருமில்லை. வெளி மாநில வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. வேண்டும், அது படிவம் 28. கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கடன் நிலுவை, இன்சூரன்ஸ் எல்லாம் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டாலே தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் ஜீபேயைத் திறக்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்கு வலித்தது வேறு. தம்பி எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் “சர்வீஸ் பாக்கணும்ணே” என்றான். தெருவே கூடி மாலை போட்டு வரவேற்ற வண்டி. ஏமாந்தது தெரிந்தால் அந்த ஊர்க்காரர் இன்னொரு முறை சிரிப்பார் என்ற பயம். வியாபாரி நம்பியிருப்பது இந்த வெட்கத்தைத்தான். 250 கிலோமீட்டர் தாண்டி எவன் வரப்போகிறான் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கைச் சட்டம் ஏற்கெனவே மாற்றிவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக்கு நாம் அலைய வேண்டாம், அவர்தான் இங்கே பதில் சொல்ல வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் புகாரைப் பதியலாம், 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். வாடகைக்கு ஓட்ட வாங்கியது வணிக நோக்கம், அவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். தம்பி வழக்கிலும் அதைத்தான் சொன்னார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. கெடு இரண்டு வருஷம். தம்பி எட்டு மாதத்தை வெட்கத்துக்குக் கொடுத்துவிட்டான். வழக்கு நடக்கிறது, தீர்ப்பு என்னவாகுமோ தெரியாது. ஆனால் அந்த வியாபாரியின் பெயர் இப்போது ஓர் ஆணையத்தின் கோப்பில் இருக்கிறது.

புகாரை எழுதியது நானில்லை. படிப்பகத்துக்கு வரும் பி.காம். இரண்டாமாண்டு மாணவி. ஜீபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, சர்வீஸ் பதிவு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இரண்டு மாலையில் முடித்தார்.

மாணவத் தோழர்களே, வன்கொடுமைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்லத் தெரிந்த நாம், ஒரு என்.ஓ.சி.யைப் படிக்கவும் பழக வேண்டும். உங்கள் தெருவில் யாராவது வண்டி வாங்கப் போனால் உடன் போங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போங்கள், இன்ஜின் சூடாகும் முன்பே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்த அண்ணன் யாராவது இருந்தால், தார்ப்பாயை விலக்கி அவர் கதையைக் கேளுங்கள். கேட்கும்போது சிரிக்காதீர்கள்.