ஒரே வளையத்தில் இரண்டு பருவங்கள்

ஆண்டு வளையத்தின் மொத்த அகலத்தை மட்டும் அளந்து பதிவதோடு கடமை தீர்ந்தது என்று கருதும் வழக்கம் நம் துறையில் இன்னும் முற்றிலும் நீங்கியபாடில்லை. சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடப் புகுந்த வானசாஸ்திரி ஏ. இ. டக்ளஸ், அரிஸோனாவின் பைன் மரங்களில் வளைய வரிசைகளை ஒப்பிட்டுக் கற்று, 1929இல் ஷோ லோ என்னும் ஊரில் அகப்பட்ட கரிந்த உத்தரத் துண்டு ஒன்றின் துணையால் அப்பிரதேசத்துப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு ஆண்டுக் கணக்கு நிர்ணயித்தபோது, குறுகிய வளையம் எது, அகன்ற வளையம் எது என்னும் வேற்றுமையே அவருக்குப் பெரிதும் போதுமானதாயிருந்தது. பண்டைக்கால மழையின் சரித்திரத்தை எழுத முற்படும் நமக்கோ அது போதாது.

அதே அரிஸோனாவை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் பசிபிக் சமுத்திரத்துப் புயல்கள் பனியும் மழையும் கொணர்கின்றன. மே, ஜூனில் கடும் வறட்சி நிலவுகிறது. ஜூலையில் கோடைப் பருவமழை தொடங்குகிறது. அங்குள்ள டக்ளஸ் ஃபர் மரம், மண்ணில் தங்கிய குளிர்கால ஈரத்தைக் கொண்டு மெல்லிய சுவருடைய பெரிய செல்களாலான வெளிறிய முன்பருவக் கட்டையையும், பின்னர்க் கோடையில் தடித்த சுவருடைய சிறிய செல்களாலான கருத்த பின்பருவக் கட்டையையும் உண்டாக்குகிறது. ஆகவே, வெவ்வேறு காரணங்களால் பெய்யும் இரண்டு மழைகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டுப் பிறகு அவற்றைப் பிரிக்க முயல்வது வீண் சிரமமேயாகும்.

பிரித்து அளந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. முன்பருவத்தில் செழித்த மரம் பின்பருவத்திலும் ஓரளவு செழிக்குமாதலால், கோடையின் கணக்கில் குளிர்காலத்தின் நிழல் கலந்தே நிற்கும். முன்பருவ அகலத்தைக் கொண்டு பின்பருவ அகலத்தைக் கணித்து, அக்கணிப்பினின்று மாறுபடும் மிச்சத்தையே கோடை மழைக்குச் சான்றாகக் கொள்ளும் முறையை மீக்கோவும் பைசானும் 2001இல் எடுத்துக்காட்டினர். அதன் பயன் சிறிதன்று. கிரிஃபினும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட 470 ஆண்டுக் கோடை மழை வரலாறு, கடந்த ஐந்து நூற்றாண்டுகளில் அப்பகுதியை வாட்டிய பத்தாண்டுக்கால வறட்சிகளில் குளிர்கால மழையோடு பருவமழையும் சேர்ந்தே பொய்த்தது என்று காட்டிற்று. ஒரு பருவம் குறைந்தால் மறுபருவம் ஈடுசெய்யும் என்னும் எண்ணத்துக்கு இடந்தந்த எதிரெதிர் ஆண்டுகள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அதன் பிற்பகுதி வரை வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தன என்பதும் புலனாயிற்று. மழைமானியின் பதிவுகளை மட்டும் நம்பியிருப்பின் இவ்வுண்மை நம் கைக்கு எட்டியிராது.

பொய் வளையத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜூன் வறட்சியில் வளர்ச்சி தளர்ந்து, மழை வந்ததும் மரம் மீண்டும் தளிர்க்கும்போது, வளையத்தின் நடுவே ஒரு கருங்கோடு விழுகிறது. அதன் இருபுறமும் செல்களின் பருமன் படிப்படியாக மாறும். மெய்யான ஆண்டெல்லையின் வெளிவிளிம்போ சட்டென்று முடியும். காலநிர்ணயம் செய்வோர் இதை இடையூறு என்று கருதி ஒதுக்கிவிடுவதை நான் வருத்தத்துடன் காண்கிறேன். வறட்சி இடையில் புகுந்ததற்கும் மழை திரும்பியதற்கும் மரமே தரும் நேரடிச் சாட்சியத்தை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

முதிய மரங்களின் வெளிவளையங்களில் பின்பருவக் கட்டை சில செல்களளவே இருக்குமாதலால், அங்கே அளவுப்பிழை பெரிதாகும். இளமரங்களையும் சேர்த்து மாதிரி எடுப்பது அவசியம். இரு கட்டைகளுக்கும் இடையிலுள்ள எல்லையைக் கண்ணால் தீர்மானிக்கிறவர்கள் எந்த அடையாளத்தைக் கொண்டு தீர்மானித்தனர் என்பதையும், அதே மாதிரியை இன்னொருவர் அளந்தபோது எவ்வளவு வேறுபாடு தோன்றியது என்பதையும் கட்டுரையில் கூறுதல் வேண்டும். வரும் இதழ் முதல், பருவமழையைப் பற்றிய கட்டுரைகளுடன் முன்பருவ, பின்பருவ அளவுகளைத் தனித்தனியாகவும், பொய் வளையம் கண்ட ஆண்டுகளின் பட்டியலை முழுமையாகவும் அனுப்புமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறோம். பட்டியலின்றி வருபவை திருப்பி அனுப்பப்படும்.