ஏகாதசித் தட்டும் சேலத்துச் சவ்வரிசியும்

ஆஷாட ஏகாதசி கழிந்த மறுநாள் புனே நகரில் 'பித்தம் ஏறிவிட்டது' என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு கேட்பதும், பரிகாரமாகச் சூரணங்களும் குளிகைகளும் கைமாறுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவையே எனினும், பழி முழுவதும் நோன்பின் தலையில் விழுவதைப் பொறுத்துக்கொள்வது கடினம். பட்டினியால் அமிலம் ஏறியது என்கிறார்கள். பட்டினி எங்கே கிடந்தார்கள் என்பதல்லவா கேள்வி? ஏகாதசியன்று இருமடங்கு உண்பவரைக் கேலி செய்ய மராத்தியில் ஒரு சொலவடையே உண்டு.

அன்று உண்ணப்படும் சாபுதாணா கிச்சடி என்பது, ஊறவைத்த சவ்வரிசியை நெய்யில் தாளித்த சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு கிளறி, வறுத்த நிலக்கடலைப் பொடியைக் கைநிறையத் தூவி இறக்குவது; துணைக்கு எண்ணெயில் பொரித்த சாபுதாணா வடையும் வரும். உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் அமிலம் மேலேறாதபடி இறுகி நிற்கும் தசைவளையம், கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் தளர்ந்துகொடுப்பதோடு, இரைப்பை காலியாவதும் தாமதப்படுகிறது. அந்நிலையில் இரவு நேரங்கழித்து உண்டு உடனே படுப்பவருக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் வராமலிருந்தால்தான் வியப்பு. உண்டபின் மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்துவதும் காசு செலவில்லாத மருந்துகள். ஆனால் அவற்றைப் பொட்டலம் கட்டி விற்க முடியாது.

விற்கப்படுபவை வேறு. 'இயற்கை' என்ற சொல்லின்மேல் இப்பத்திக்குள்ள பகைமையை நெடுநாள் வாசகர் அறிவர் ஆகையால் சுருங்கச் சொல்லலாம். ஆயுர்வேதம் அமிலபித்தம் என வழங்கும் இந்நோய்க்கு மகாராட்டிரத்தில் பெயர்பெற்ற சூதசேகர ரசம், சுத்தி செய்த பாதரசமும் கந்தகமும் ஊமத்தை விதையும் சேர்ந்தது; மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவேண்டிய அதனை வெறும் பச்சிலை என்றெண்ணி வாயிலிடுவோர் உண்டு. அவிபத்திகர சூரணத்தில் சரிபாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு பேதி தரும் சிவதை வேர். அதிமதுரத்தை நெடுநாள் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும். புதினாவோ அத்தசைவளையத்தை மேலும் தளர்த்தும். சீரகமும் கொத்தமல்லி விதையும் கொதித்த நீரால் தீங்கில்லை. விழுங்கக் கடினமாக இருந்தாலோ, உடல் இளைத்தாலோ, மலம் கருத்தாலோ கஷாயம் எதுவும் உதவாது, மருத்துவரிடம் போகவேண்டும்.

சூரணங்கள் கிடக்கட்டும், உண்மையில் வியப்பூட்டுவது அந்தத் தட்டே. ஏகாதசியன்று தானியம் விலக்கு. ஆனால் சவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி, உருளை, நிலக்கடலை, மிளகாய் ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தவையாதலால், விதி வகுத்தவர்களுக்கு அவற்றைத் தெரியாது. தெரியாததை எப்படி விலக்குவது? ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பல்லக்கில் புனே வழியாகப் பண்டரிபுரம் செல்லும், மராத்திப் பக்திக்கவி ஞானேசுவரரின் பாதுகைகளுக்கு உரியவர் 13ஆம் நூற்றாண்டினர். இந்தக் கிச்சடியில் நெய்யையும் சீரகத்தையும் தவிர வேறெதையும் அவர் கண்டிருக்க வழியில்லை.

சவ்வரிசி இன்னும் புதியது. மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த சரக்கு இரண்டாம் உலகப்போரில் அடைபட்டபோது, சேலத்தில் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, 1943இல் மரவள்ளியிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினார். குச்சிக்கிழங்கு என்று அவ்வட்டாரத்தார் சொல்லும் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த ஈரமாவைக் குலுக்கி மணியாக உருட்டி, சூட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைப்பதே அத்தொழில். 1981இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அதனை விற்றுத்தருகிறது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராட்டிரத்தின் விரத நாள்களை நம்பியே அச்சந்தை பெரிதும் நிற்கிறது.

தமிழரோ அதே சவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடாமுக்கும் வைத்துக்கொண்டு, ஏகாதசியைத் துளசித் தீர்த்தத்தோடு கழிப்பதையே முறையாகக் கொண்டனர். மறுநாள் துவாதசிப் பாரணையில், அதாவது நோன்பை முடிக்கும் உணவில், அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இடம்பெறும். வெறும் வயிற்றுச் சூட்டை அகத்தி தணிக்கும் என்பது பாட்டிமார் கணக்கு. ஆய்வுக்கூடம் அதை உறுதிசெய்யாவிட்டாலும், காரமும் பொரியலும் இல்லாத அளவான உணவு அது என்பதில் ஐயமில்லை. மராத்தியர் அகத்தி மரத்தை ஹத்கா என்று நன்கறிவர். அதன் பூவைச் சமைக்கவும் செய்வர். கீரையை மட்டும் ஏனோ அவர்கள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை.