ஃபோர்மேன் சைக்கோவா?

அமீரகத்தின் முசஃபா லேபர் கேம்புகளில் இரவுச் சாப்பாடு முடிந்து, கட்டிலில் சாய்ந்து ஊருக்கு போன் பேசும் நேரத்தில்தான் அன்றைய வேதனை வெளியே வரும். பத்துப் பேர் முன்னால் கெட்ட வார்த்தையில் திட்டிய ஃபோர்மேனுக்கு உடனே பெயர் வைத்துவிடுவார்கள்: சைக்கோ. யூடியூப் புண்ணியத்தில் இப்போது நார்சிஸ்ட் (சுயமோகி) என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது.

அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தப் பெயரால் தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை.

மனநோய்க்கும் ஃபோர்மேனின் திட்டுக்கும் முடிச்சுப் போடுவதே முதல் தவறு. கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் சிறைக் கைதிகளை ஆராய்ந்து உருவாக்கிய சைக்கோபதி அளவுகோலில் 20 அம்சங்கள், 40 மதிப்பெண். பயிற்சி பெற்றவர் நீண்ட நேர்காணல் நடத்தி, ஆவணங்களையும் பார்த்த பிறகே மதிப்பெண் போட வேண்டும். சுயமோகம், சூழ்ச்சி, சைக்கோபதி மூன்றையும் 'இருண்ட மும்மை' என்று 2002-இல் உளவியலாளர்கள் பால்ஹஸும் வில்லியம்ஸும் தொகுத்தது கனடா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து. வெயிலில் கம்பி கட்டுகிறவரும் அவரை விரட்டுகிறவரும் இந்த ஆய்வுகளில் இல்லை.

வேறோர் ஆய்வின் முடிவு மட்டும் முசஃபாவுக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. உளவியலாளர் பாபியாக்கும் ஹேரும் அடங்கிய குழு 2010-இல் 203 நிறுவன அலுவலர்களை ஆராய்ந்தது. சைக்கோபதி மதிப்பெண் கூடக் கூட, பேச்சுச் சாதுரியத்துக்கு நல்ல பெயர். வேலைத் திறனுக்கோ குறைந்த மதிப்பீடு. கீழே இருப்பவரைக் கசக்கிப் பிழிகிறவர் மேலிடத்தில் இனிக்க இனிக்கப் பேசினால், தொழிலாளியின் சொல் எங்கே எடுபடும்?

அதனால் ஆளின் குணத்தை விட்டுவிட்டு, அவர் செய்த காரியத்தைப் பிடிக்க வேண்டும். அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம், 14-ஆம் பிரிவு, மேலாளரோ சக ஊழியரோ சொல்லாலும் உடலாலும் மனதாலும் வன்முறை செய்வதைத் தடுக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளி வேலைக்குத் தடை. மீறியவர் நார்சிஸ்டா, நல்லவரா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர்: அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அனுமதியின்றி ஒருவர் பேச்சை போனில் பதிவு செய்வது அங்கே குற்றமாகிவிடும். நோட்டில் எழுதுவதற்குத் தடையில்லை. புகார் சொல்ல அமீரக மனிதவள அமைச்சகத்தின் எண் 600590000.