வெட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன்

ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த வைத்தம் காட்டில் 800-க்கும் மேற்பட்ட மரங்களைத் தரைவழி லேசர் ஸ்கேனரால் அளந்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சமன்பாடு காட்டிய உயிர்த்திரளைப் போல 1.77 மடங்கு அங்கே நிற்பதாக ஸ்கேனர் கணக்கு சொன்னது. மரத்தின் கன அளவையும் கார்பனையும் கணக்கிட்டுக் கையெழுத்திடும் நம்மில் எவரும் இதை வெறும் செய்தியாகப் படித்துக் கடந்துவிட முடியாது.

இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? நிற்கும் மரத்தில் நாம் அளப்பது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: தரையிலிருந்து 1.37 மீட்டரில், நாடாவைச் சுற்றி. முடிந்தால் உயரமும். மீதி மரத்தைச் சமன்பாடு ஊகித்துக் கொடுக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம், அதை உருவாக்குவதற்காக வெட்டி எடைபோட்ட மரங்கள் மட்டுமே. பெரிய மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, கிளை கிளையாக எடைபோடுவது பெரும்பாடு. அதனால் அந்தப் பட்டியல்களில் சிறு மரங்களே மிகுதி; பருத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதிர்ந்த காட்டின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பதோ பருத்த மரங்கள்தான்.

ஸ்கேனர் வேறு வழியில் போகிறது. முக்காலியில் நின்று சுழன்று, திரும்பி வரும் ஒளித்துடிப்புகளிலிருந்து தொலைவைக் கணிக்கிறது. பல நிலைகளில் எடுத்ததை ஒன்றாகப் பொருத்தினால் காடே புள்ளித் திரளாகக் கிடைக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பிரித்து, அடிமரம் முதல் கிளைவரை உருளைகளைப் பொருத்திக் கன அளவைக் கூட்டுகிறோம். மர அடர்த்தியால் பெருக்கினால் எடை.

இதிலும் பிழை உண்டு. மெல்லிய கிளைகள் உள்ளதைவிடத் தடிமனாகப் பதிவாகும். காற்று அசைத்த கொம்பு இரண்டாகத் தெரியும். இலை மறைத்த உச்சி பதிவாகாமலே போகும். தேக்கை இலையுதிர்ந்த பிறகு அளப்பதே நல்லது. உள்ளே பொந்து விழுந்திருந்தால் லேசருக்கு அது தெரியவே தெரியாது. அது பார்ப்பது பட்டையை மட்டுந்தான்.

ஆகவே வைத்தம் காட்டின் 1.77 இரண்டு கணக்குகளுக்கு இடையிலான விகிதம். அந்த மரங்களைத் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை. தராசில் ஏற்றிய ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 65 யூகலிப்டஸ் மரங்களை ஸ்கேன் செய்து, பிறகு வெட்டி எடைபோட்டார்கள். ஸ்கேனர் மொத்தத்தில் சுமார் 10 விழுக்காடு கூட்டிச் சொன்னது. சமன்பாடுகள் 30 முதல் 37 விழுக்காடு வரை குறைத்துச் சொன்னன. என் பார்வையில், கருவியின் மேல் நம்பிக்கை தருவது வைத்தத்தைவிட இந்தச் சிறிய ஆய்வுதான்.

நம் ஊரில் இதைச் செய்வதற்கென்று ஒரு மரத்தைக்கூடப் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. தேக்கு, யூகலிப்டஸ் தோட்டங்களில் செயல்திட்டப்படி கூப்பு வெட்டு நடக்கிறது. நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் தலைமுறை கண்ட புளிய மரங்கள் சாய்கின்றன. திறந்த வெளியில் கவை விரித்து வளர்ந்த அந்தப் புளிக்கு, காட்டு மரத்தை வைத்துப் போட்ட சமன்பாடு எப்படிப் பொருந்தும்? ஒவ்வொன்றும் அளக்கப்படாமலே லாரி ஏறுவது எனக்குப் பெரிய வருத்தம். ஒருமுறை வெட்டிவிட்டால் அந்த அளவு திரும்பக் கிடைக்காது.

நான் கேட்பது இதுதான். வெட்டு உத்தரவு வந்த மரங்களில் சிலவற்றையேனும், பருத்தவற்றை முதலில் தேர்ந்து, முன்கூட்டியே ஸ்கேன் செய்யுங்கள். நாடா அளவையும் உடன் எடுங்கள். சாய்ந்த பின் அடிமரத்தையும் கிளைகளையும் தனித்தனியே எடை மேடை ஏற்றுங்கள். அடி, நடு, நுனி மூன்றிலும் வட்டத் துண்டு அறுத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, ஈரப்பதத்தையும் அடர்த்தியையும் கண்டறியுங்கள். பொந்து இருந்தால் அதன் அளவையும் குறியுங்கள். ஸ்கேனர் சொந்தமாக இல்லாத கோட்டங்கள் அருகிலுள்ள ஆய்வு நிறுவனத்தையோ பொறியியல் கல்லூரியையோ அணுகலாம். கட்டட அளவைக்கு வாங்கிய கருவியே இதற்கும் போதும்.

ஒரே ஒரு மரத்தின் முழுப் பதிவு என்றாலும் இந்த இதழுக்கு அனுப்புங்கள். பழைய சமன்பாடே சரி என்று தராசு சொன்னாலும் அதையும் அப்படியே அச்சிடுவோம்.