எலியைக் கொல்லாமல் உள்ளே பார்ப்பது

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கும் எலியின் மூளைக்குள் வளர்கிற கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மிருகப் பரிசோதனை பற்றிய விவாதம் ஒன்றுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, விஞ்ஞானபீட நண்பர் ஒருத்தரும் அதைத்தான் கேட்டார். "நீங்கள் எலிக்குப் பாவம் பார்க்கலாம், எங்களுக்கு டேட்டா எல்லோ வேணும்" என்று சிரித்தார். பாவம் பார்க்கிறது ஒரு பக்கம், விஞ்ஞானம் மற்றப் பக்கம் என்கிற இந்தப் பிரிப்பைத்தான் எங்களால் ஏற்க ஏலாமல் இருக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கான் வந்த கதையே வேற மாதிரி.

1971இல் றேமண்ட் டமேடியன் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். உடம்பில் உள்ள நீரின் ஐதரசன் கருக்களைக் காந்தப்புலத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் உசுப்பிவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். எலிகளில் வளர்ந்த கட்டிகளில் அந்த நேரம் சாதாரண இழையத்தைவிடக் கூடுதலாக இருந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அளப்பதற்குக் கட்டியை வெட்டி வெளியே எடுக்கவேண்டும்.

அதே வருடம் பென்சில்வேனியாவில், வேறொரு ஆய்வாளர் இந்தச் சோதனையைத் திருப்பிச் செய்வதை இரசாயனவியலாளர் போல் லோட்டர்பர் பக்கத்தில் நின்று பார்த்தார். வெட்டி எடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்கிற முறை அவருக்குப் பிடிக்கவில்லை. வெளியே நின்றுகொண்டே, உள்ளே எந்த இடத்திலிருந்து சமிக்ஞை வருகிறது என்று கண்டுபிடிக்க ஏலாதா? ஒரு ஹம்பர்கர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விடை வந்தது. காந்தப்புலத்தை எல்லா இடமும் ஒரே அளவாக வைக்காமல் இடத்துக்கிடம் கொஞ்சம் மாற்றினால், ஒவ்வொரு இடமும் வெவ்வேறு அதிர்வெண்ணில் பதில் சொல்லும். அதை வைத்துப் படம் கீறலாம். 'நேச்சர்' முதலில் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது, பிறகு 1973இல் போட்டது. 2003இல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. (விடுபட்ட டமேடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தது தனிக் கதை.)

லோட்டர்பருக்கு வந்தது இரக்கமா, வெறும் அருவருப்பா என்று நாங்கள் அடிபடத் தேவையில்லை. 'இப்பிடித்தான் செய்யவேணும்' என்பதை ஒருத்தர் சகிக்க மறுத்தார், அதிலிருந்து ஒரு கருவி வந்தது.

அந்தக் கருவி இப்போது சுண்டெலிக்கும் இருக்கிறது. வைத்தியசாலை மெஷின்கள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 ரெஸ்லா. சுண்டெலிக்கான சின்ன மெஷின்கள் 7, 9.4 ரெஸ்லா என்று போகும், ஏனென்றால் 25 கிராம் உடம்புக்குள் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவான விபரம் தேவை. மயக்கவாயு கொடுத்து, மூச்சைக் கவனிக்க ஒரு உணரி வைத்து, உடம்பு குளிர்ந்துபோகாமல் சூடு கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

இதால் என்ன லாபம்? ஒரு கட்டி நாலு கிழமையில் எப்படி வளர்கிறது என்று பார்க்கவேண்டும் என்று வைப்போம். வெட்டிப் பார்க்கிற முறையில் கிழமைக்குப் பத்து, மொத்தம் 40 சுண்டெலி. ஸ்கானில் அதே பத்தை நாலு தரம் பார்க்கலாம். அதைவிட முக்கியம், அதே கட்டியை மருந்துக்கு முன்னும் பின்னும் பார்க்கலாம். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூளைக்கட்டி உள்ள எலிகளுக்கு மருந்து கொடுத்து, கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று ஸ்கானில் அளந்தார்கள். கலங்கள் சாகச் சாக நீருக்கு இடம் கூடும். கட்டி சுருங்குவதற்கு முன்னமே மருந்து வேலை செய்வது தெரிந்தது. அந்த முறை பிறகு மனித நோயாளிகளுக்கும் போனது. எலியை முதலே கொன்றிருந்தால் இந்த டேட்டாவே இல்லை, நண்பரே.

ஆனால் இத்தோடு கைதட்டிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. 1959இல் றஸ்ஸலும் பேர்ச்சும் மிருகப் பரிசோதனைக்கு மூன்று விஷயம் சொன்னார்கள்: முடிந்தால் மிருகத்துக்குப் பதில் வேறொன்று, இல்லாட்டி எண்ணிக்கையைக் குறை, இருக்கிறவற்றின் வேதனையைக் குறை. ஸ்கான் இரண்டாவதை நன்றாகச் செய்கிறது. மூன்றாவதோடு சிலநேரம் மோதுகிறது. 40 சுண்டெலியில் 30 நாலாம் கிழமைக்கு முன்னமே செத்திருக்கும். இந்தப் பத்தும் கடைசிவரை கட்டியைச் சுமக்கின்றன, திரும்பத் திரும்ப மயக்கமருந்து வேற. 40ஐப் பத்தாக்கினோம் என்று எழுதும்போது அந்தப் பத்தின் நாட்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அதே ஸ்கான்தான் இதற்கு வழியும் காட்டுகிறது. சுண்டெலி சாப்பாட்டை விட்டு ஒடுங்கிப்போவதற்கு முன்னமே கட்டி எவ்வளவு பெருத்துவிட்டது என்று படத்தில் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். நிறுத்துவார்களா, இன்னொரு புள்ளி வரைபடத்தில் விழட்டும் என்று காத்திருப்பார்களா என்பது காந்தத்தின் கையில் இல்லை.

"அப்ப நிப்பாட்டச் சொல்லுறீங்களா?" என்று நண்பர் கேட்டார். இல்லை. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா போன வருடம் அந்தக் குழாய்க்குள் முக்கால் மணித்தியாலம் கிடந்தா. தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தமாம். வெளியில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அவவுக்கு மருந்தை மாற்றினார்கள். அந்தப் படத்தின் பின்னால் இருக்கிற எலிகளை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

நாங்கள் கேட்பது சின்ன விஷயம். மிருக ஆய்வுகளை எப்படி எழுதவேண்டும் என்று 2010இல் பிரித்தானியாவில் வெளிவந்த 'அரைவ்' வழிகாட்டி இருக்கிறது, 2020இல் புதுப்பித்தும் விட்டார்கள். அந்த வழியில் ஒவ்வொரு ஸ்கான் ஆய்வும் எத்தனை சுண்டெலி என்பதோடு, ஒவ்வொன்றையும் எத்தனை தரம் மயக்கினோம், எந்த நாளில் நிறுத்தினோம், ஏன் அந்த நாள் என்றும் எழுதட்டும். இரண்டு வரி போதும். நண்பர் அதை டேட்டா என்று ஒத்துக்கொண்டார், தேத்தண்ணிக் காசையும் அவரே கொடுத்தார்.