கண்ணுக்குப் புலனாகாத வேலி: அதன் பயனும் வரம்பும்

வேலி என்பதற்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளே இருப்பது வெளியே போகாதவாறு தடுப்பது ஒன்று. வெளியே இருப்பது உள்ளே வராதவாறு காப்பது மற்றொன்று. கிளுவையும் கள்ளியும் நட்ட உயிர்வேலி, முள்வேலி, படல், மண் சுவர், கம்பி வலை ஆகிய அனைத்தும் ஏறக்குறைய இவ்விரு கடமைகளையும் ஒருங்கே செய்து வருவன. வளர்ப்பு நாயை வீட்டு வளாகத்துக்குள் நிறுத்திவைக்க மேலைநாடுகளில் வழக்கத்துக்கு வந்துள்ள நிலத்தடிக் கம்பி வேலியோ முதற் கடமையை மட்டுமே மேற்கொள்வது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே அச்சாதனம் இந்நாட்டுக்கு ஏற்றதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

இச்சாதனம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றியது. ரிச்சர்டு பெக் என்பவர் இதனை வகுத்து, 1973ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அந்நாட்டுப் புறநகர்ப் பகுதிகளில் வீடுகளின் முன் பரந்த புல்வெளிகள் அமைந்திருக்கின்றன; சுவரோ வேலியோ எழுப்புவதை அங்குள்ள குடியிருப்பு விதிகள் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. நிலப்பரப்பு பெரிதாக இருக்குமிடத்துச் சுவருக்கு ஆகும் செலவும் மிகுதி. ஆகவே பார்வையை மறைக்காத, செலவு குறைந்த வேலி ஒன்று அங்கே தேவைப்பட்டது. அத்தேவையை இது ஓரளவு நிறைவு செய்தது.

அதன் அமைப்பு எளியது. வீட்டினுள் ஒரு சிறிய ஒலிபரப்புப் பெட்டி வைக்கப்படுகிறது. அதிலிருந்து புறப்படும் உறையிட்ட கம்பி, வளாகத்தின் எல்லையை ஒட்டி நிலத்தில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்டு, ஒரு சுற்றாக மீண்டும் பெட்டிக்கே வந்து சேர்கிறது. கம்பியில் ஓடுவது வலுக்குறைந்த மாறுமின்னோட்டம். அது கம்பியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு கம்பிச்சுருளும் மின்கலமும் உள்ளன. நாய் எல்லையை நெருங்கும்போது அச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பட்டை முதலில் ஓர் எச்சரிக்கை ஒலியை எழுப்புகிறது. நாய் மேலும் முன்னேறினால், கழுத்துத் தோலைத் தொட்டிருக்கும் இரண்டு உலோக முனைகளின் வழியே சிறு மின் அதிர்ச்சி தரப்படுகிறது. ஆகவே நிலத்திலுள்ள கம்பி நாயைத் தாக்குவதில்லை. தாக்குவது கழுத்திலுள்ள பட்டையே.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் நல்லதொரு பாடம் அடங்கியிருக்கிறது. மின்னோட்டம் காந்த ஊசியை விலக்கும் என்பதை அயர்ஸ்டெடு 1820ஆம் ஆண்டிலும், மாறும் காந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்பதைப் பாரடே 1831ஆம் ஆண்டிலும் காட்டினர். இவ்விரு உண்மைகளுமே இந்த வேலியின் அடிப்படை. வீட்டிலிருந்து எல்லைக்குச் செல்லும் பகுதியில், போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது வழக்கம். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், அப்பகுதியை நாய் தடையின்றிக் கடக்கலாம். ஒரு டார்ச் மின்கலம், காந்த ஊசி, சிறிது கம்பி ஆகியவற்றைக் கொண்டே இதனை வகுப்பில் மெய்ப்பிக்க இயலும். ஒற்றைக் கம்பியின் அருகே ஊசி விலகும். முறுக்கிய இரட்டைக் கம்பியின் அருகே அது ஏறக்குறைய அசையாது நிற்கும். கம்பி விரைவில் சூடேறுமாதலால் கண நேரமே இணைத்தல் போதுமானது.

ஆனால், கம்பியைப் புதைத்ததோடு வேலி அமைந்துவிடுவதில்லை. எல்லை எது என்பதை நாய் கற்றுக்கொண்டாலன்றிப் பட்டையின் அதிர்ச்சி அதற்கு வெறும் துன்பமே. எல்லை நெடுகச் சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, எச்சரிக்கை ஒலி கேட்டதும் திரும்பி வரும்படி நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். பழக்கப்படாத நாய், அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என அறியாமல் மிரண்டு ஓடும். அல்லது அவ்வேளையில் எதிரே தென்பட்ட மனிதரையோ குழந்தையையோ அதற்குக் காரணமாகக் கொண்டு அஞ்சவோ சீறவோ தலைப்படும். இச்சாதனத்தின் உண்மையான வேலி கம்பியன்று, பயிற்சியே என்று கூறுதல் மிகையாகாது.

நன்கு பழகிய நாயும் எப்பொழுதும் நிற்கும் என்பதற்கில்லை. ஓடும் பூனையையோ வேறொரு நாயையோ கண்ட வேகத்தில் அது ஒரு கண நேர அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடும். வெறி தணிந்து வீடு திரும்ப எண்ணும்போது அதே அதிர்ச்சி அதனை மறிக்கிறது. வெளியேறத் துணிந்த நாய், உள்ளே வரத் துணியாமல் தெருவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மின்னணு வேலிக்குள் வளர்க்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு எப்பொழுதேனும் தப்பியோடியவை எனத் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் இருந்தவற்றில் இது ஏறத்தாழ 23 விழுக்காடே. இச்சாதனம் தோன்றிய நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், மின்தடையும், கம்பியைக் கடிக்கும் எலியும், அடிக்கடி தோண்டப்படும் தெருவோரமும் உள்ள இடங்களில் அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

விலங்கின் நலமும் கருதத்தக்கது. பட்டை நெடுநேரம் இறுக்கமாக இருந்தால் உலோக முனைகள் அழுத்தும் இடத்தில் புண் உண்டாகும். மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளை நாய்க்கும் பூனைக்கும் பூட்டுவதை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடை செய்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தன் 11ஆம் பிரிவில், விலங்கை நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்பொழுதும் கட்டிவைத்துள்ள நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்காதிருப்பதையும் கொடுமை எனக் கொள்கிறது. சங்கிலிக்கு மாற்றாகப் பட்டை வரலாம் என்று வாதிப்போர் உளர். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாயைவிட வளாகத்தில் உலவும் நாயின் நிலை மேலானது என்பது உண்மையே. ஆயினும் சங்கிலிக்கு மாற்று, அதிர்ச்சி தரும் பட்டை ஒன்றே அன்று.

எல்லாவற்றிலும் முதன்மையான குறை, தொடக்கத்தில் கூறிய இரண்டாம் கடமையைச் சார்ந்தது. நிலத்தடிக் கம்பி, பட்டை அணியாத எந்த விலங்கையும் தடுப்பதில்லை. வெளியிலுள்ள நாய் தங்குதடையின்றி உள்ளே வரும். வீட்டு நாயோ தப்பியோடவும் இயலாமல் எல்லைக்குள் அகப்பட்டுக்கொள்ளும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நாய்வழிப் பரவும் இந்நோயை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல் திட்டத்தை இந்தியா 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. தெருநாய்கள் மிகுந்த ஊர்களில், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காத வேலியை வேலி என்று நம்புவது ஆபத்தான நம்பிக்கை. முற்றத்தில் விளையாடும் குழந்தைக்கும் அது காவலாகாது.

இங்கே களப் பணியாளர்கள் மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. ‘மின்சார வேலி’ என்னும் பொதுப்பெயரால் வெவ்வேறான மூன்று பொருள்கள் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. நிலத்தடிக் கம்பி ஒன்று. மேய்ச்சல் நிலத்தில் உரிய கருவியின் மூலம், ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய மின்துடிப்பைச் செலுத்தும் வேலி மற்றொன்று. வீட்டு மின்னிணைப்பிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது மூன்றாவது. இம்மூன்றாவது வேலியன்று, கொலைக்கருவியே. காட்டுப்பன்றிக்கு இட்ட கம்பியில் யானையும், கால்நடையும், உழவரும் மாண்ட செய்திகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. நாய்க்காகவோ பயிருக்காகவோ எவரும் இதனைச் செய்ய எண்ணினால், அவரைத் தடுத்து நிறுத்துவது பணியாளரின் கடமை.

அங்ஙனமாயின் நாயை வளர்ப்போர் செய்யத்தக்கது யாது? இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த கம்பி வலையோ சுவரோ உயிர்வேலியோ அமைத்து, தானே மூடிக்கொள்ளும் கதவு ஒன்றை இடுதல் வேண்டும். தோண்டும் இயல்புள்ள நாயாயின் வலையின் அடிப்பகுதியைச் சிறிது நிலத்தினுள் புதைக்கலாம். வளாகம் முழுவதையும் அடைக்க வசதியில்லையெனில், நிழலும் நீரும் உள்ள ஒரு பகுதியை மட்டும் அடைத்தாலே போதும். நாள்தோறும் நாயைக் கயிற்றில் பிடித்து உலவச் செய்வதும், கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், கருத்தடை செய்விப்பதும் எந்த வேலியைக் காட்டிலும் பயன் மிக்கவை. நாய் கடித்துவிட்டாலோ, காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் அவசியம்.

புதிய சாதனம் ஒன்று வரும்போது அதனைப் புதுமை என்பதற்காகவே ஏற்பதும், அயல்நாட்டது என்பதற்காகவே ஒதுக்குவதும் விஞ்ஞான மனப்பான்மைக்கு ஒவ்வா. அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது, அத்தேவை இங்கே உண்டா என்று வினவுவதே முறை. பரந்த புல்வெளியும், தெருநாயற்ற வீதியும், பயிற்சிக்கு ஓய்வு நேரமும் உள்ளவருக்கு நிலத்தடிக் கம்பி ஓரளவு உதவலாம். நெருக்கமான ஊர்களில் வாழ்வோருக்கோ, இரு புறமும் காக்கும் பழைய வேலியே இன்றும் ஏற்றது. இதனை மக்கள் உணரச் செய்யும் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் உரியது.